மெட்டைப் பிடித்துப் படித்த போர்: அமெரிக்க இலக்கியத் தாளுக்கு ஓர் அனுபவ வழிகாட்டல்

முதுகலை ஆங்கில இலக்கியத்தில் அமெரிக்க இலக்கியத் தாளுக்குப் படித்தபோது, போர்க்காலப் பாடல்களையும் கதைகளையும் நான் இரண்டு நாளில் முடித்துவிடக்கூடிய பகுதியாகவே நினைத்தேன். போர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் பாடல்களின் பெயர்களை எழுதி மனப்பாடம் செய்துகொண்டு, அகமதிப்பீட்டுத் தேர்வில் ஐந்து பக்கம் எழுதினேன். பதினைந்துக்கு ஆறு மதிப்பெண் வந்தது. விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் “யார் பாடினார்கள்? எப்போது?” என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டுதான் முழுப் பகுதியையும் முதலிலிருந்து படித்தேன். இப்போது தயாராகிறவர்களுக்கு அந்த வழி உதவும் என்று உறுதியாக நம்புவதால் அதை இங்கே எழுதுகிறேன்.

பாடலின் சொற்களை விட்டுவிட்டு முதலில் மெட்டைப் பிடியுங்கள். வடமாநிலங்களுக்கும் தென்மாநிலங்களுக்கும் இடையே 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது அச்சான ஒற்றைத் தாள் பாட்டுகள் பலவற்றில், தலைப்புக்குக் கீழே எந்தப் பழைய பாட்டின் மெட்டில் பாட வேண்டும் என்று குறித்திருப்பார்கள். நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் ‘வர்ணமெட்டு’ என்ற குறிப்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இத்தகைய தாள்களில் 4,000-க்கும் மேற்பட்டவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பாடநூலைத் திறப்பதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை அவற்றுக்கு ஒதுக்குங்கள்.

எனக்குக் கதவு திறந்தது ஒரே ஒரு மெட்டினால். மதப் பிரசங்கக் கூட்டங்களில் பாடப்பட்ட ஒரு பக்திப் பாட்டின் மெட்டு அது. அடிமை முறையை ஆயுதத்தால் எதிர்த்து 1859 டிசம்பரில் தூக்கிலிடப்பட்ட ஜான் பிரவுனின் பெயரை அந்த மெட்டில் ஏற்றி, 1861-இல் மாசச்சூசெட்ஸ் வீரர்கள் நடைப்பாட்டாகப் பாடினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் வாஷிங்டன் அருகே அதைக் கேட்ட கவிஞர் ஜூலியா வார்ட் ஹோவ், விடியும் முன் விழித்து, மங்கிய வெளிச்சத்தில், தேய்ந்த பென்சிலால் புதிய வரிகளை எழுதினார். 1862 பிப்ரவரியில் ‘அட்லாண்டிக்’ மாத இதழில் வெளியான ‘குடியரசின் போர்ப்பாடல்’ அதுதான். அதே மெட்டில் ஆர்கன்சாவின் கறுப்பினப் படையினர் தங்கள் விடுதலையைப் பாடினார்கள். 1915-இல் ரால்ஃப் சாப்ளின் அதே மெட்டுக்குத் தொழிற்சங்கப் பாட்டு ஒன்றை எழுதினார். ஒரே மெட்டு பக்தர், படைவீரர், கவிஞர், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர், தொழிலாளர் என ஐந்து கூட்டத்தின் வாயில் ஏறியிருக்கிறது. இதை ஒரு பக்கத்தில் எழுதத் தெரிந்தால், பண்பாட்டில் பாடலுக்குள்ள இடம் என்ற வினாவுக்குப் பாதி விடை கையில் இருக்கிறது.

அடுத்த பாதியை ‘டிக்ஸி’ தரும். தென்மாநிலங்களின் கீதம் என்று பெயர் பெற்ற இந்தப் பாட்டை எழுதியதாகச் சொல்லப்படும் டான் எம்மெட் வடக்கே ஒஹையோவில் பிறந்தவர். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைப் போல நடித்த ‘மின்ஸ்ட்ரல்’ மேடைக்காக 1859-இல் நியூயார்க்கில் அது அரங்கேறியது. தென்மாநிலப் படைத்தலைவர் லீ சரணடைந்த மறுநாள், 1865 ஏப்ரல் 10 அன்று, வெள்ளை மாளிகைக்கு முன் திரண்ட கூட்டத்திடம் லிங்கன் அந்தப் பாட்டையும் நாம் கைப்பற்றிவிட்டோம் என்று சொல்லி, இசைக்குழுவை அதை வாசிக்கச் சொன்னார். இந்தச் செய்தியைப் பலரும் நல்லிணக்கத்தின் அடையாளமாக எழுதி முடித்துவிடுகிறார்கள். பாட்டு பிறந்த மேடையில் யாருடைய முகம் கேலிப்பொருளானது என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் விடை முழுமை பெறாது என்பது என் உறுதியான கருத்து.

பிற்காலப் போர்களுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. முதல் உலகப் போரில், மகனைப் போர்வீரனாக வளர்க்கவில்லை என்று ஒரு தாய் சொல்லும் பாட்டு 1915-இல் நாடெங்கும் பரவியதையும், 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் ஜார்ஜ் எம். கோஹனின் ‘ஓவர் தேர்’ அந்த இடத்தைப் பிடித்ததையும் அருகருகே வைத்தால் போதும். இரண்டாம் உலகப் போரில் ராணுவம் வீரர்களுக்கென்றே ‘வி-டிஸ்க்’ என்ற இசைத்தட்டுகளையும், சட்டைப் பையில் அடங்கும் 12 கோடிக்கும் மேற்பட்ட நூல் பிரதிகளையும் அனுப்பியது. வியட்நாமில் மட்டும் கவனமாக இருங்கள். அக்காலப் பாடல்கள் எல்லாம் போரை எதிர்த்தவை என்று எழுதுவது வழக்கமான பிழை. 1966-இன் மிகப் பெரிய வெற்றிப் பாடல்களில் ஒன்று, பணியில் இருந்த பாரி சாட்லர் என்ற படைவீரர் சிறப்புப் படையினரைப் போற்றிப் பாடியது.

கதைகளைப் படிக்கும்போது, போர் முடிந்த ஆண்டையும் கதை வெளியான ஆண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உள்நாட்டுப் போரின் பாடல்கள் போர் நடக்கும்போதே பிறந்தவை. ஷைலோவிலும் சிக்கமாகாவிலும் போரிட்ட அம்புரோஸ் பியர்ஸின் புகழ்பெற்ற கதைகள் வெளிவந்தது 1889-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அதே போரைப் பற்றிய ஸ்டீபன் கிரேனின் புதினம் 1895-இல் நூலாக வந்தது, அவரோ போர் முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர். கூட்டமாக நடப்பவர்களுக்கு உடனே ஒரு பாட்டு தேவைப்பட்டது. தனியாக ஒருவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கேட்க நாடு கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. இந்த இடைவெளியை மையமாக வைத்து இறுதித் தேர்வில் எழுதிய விடைதான் அந்தத் தாளில் நான் மனநிறைவோடு எழுதியது.

வாய்மொழித் தேர்வில், பாடல்களால் சொல்ல முடியாத எதைக் கதை சொல்லிவிடுகிறது என்று கேட்டார்கள். நான் பியர்ஸின் ‘சிக்கமாகா’வைச் சொன்னேன். மரவாளை ஏந்தி விளையாடக் காட்டுக்குள் போன சிறுவன் ஒருவன் களைத்துத் தூங்கிவிடுகிறான். அருகிலேயே பெரும்போர் நடந்து முடிகிறது. விழித்தவன், தவழ்ந்து வரும் குற்றுயிரான வீரர்களைப் பார்த்து அதை விளையாட்டென்று நினைத்து, வாளை உயர்த்தியபடி அவர்களுக்கு முன்னால் நடக்கிறான். தீ எரியும் இடத்தை அடைந்த பிறகுதான் அது தன் வீடு என்றும், அங்கே கிடப்பது தன் தாய் என்றும் அவனுக்குத் தெரிகிறது. பீரங்கிகள் முழங்கியபோது அவன் ஏன் விழிக்கவில்லை என்பதைக் கதை கடைசி வரிகளில்தான் சொல்கிறது: அந்தச் சிறுவனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது.