பழைய எஞ்சின் சொல்லிவிட்டுத்தான் படுக்கும்

போன மாதம் நண்பர் ஒருவர் கேட்டார்: "காத்துல குளிர்ற பழைய ஏர்-கூல்டு போர்ஷே 911 கார் வாங்கலாமா, இல்ல 2010 மாடலா? எந்த எஞ்சின் ரொம்ப நாள் உழைக்கும்?" பழசைத்தான் சொல்வேன் என்று நினைத்திருக்கிறார். 2010 என்றேன். மனுஷனுக்கு முகமே வாடிவிட்டது.

பழைய எஞ்சின் என்றால் அழிவே கிடையாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. இன்றும் ஓடுகிற வண்டிகளைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. ஓடாதவை எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன, அவற்றை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? 1970களின் நடுவில் வந்த 2.7 லிட்டர் 911 எஞ்சினுக்கு மெக்னீசியத்தில் கேஸ், அதாவது வெளிக்கூடு. சூடேறிச் சூடேறி, சிலிண்டருக்கு மேல்மூடியான ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் என்ற நீள போல்ட்கள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். வால்வுகள் நேரத்துக்குத் திறக்க உதவும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும் 1984 மாடலில்தான் ஆயில் அழுத்தத்தில் இயங்குவதாக மாறியது. அதற்கு முந்தையதை நம்பி ஓட்டியவர்கள் தைரியசாலிகள்.

ஆனால் அந்த எஞ்சினில் ஆறு சிலிண்டரும் தனித்தனி உருப்படி. ஒன்று கெட்டால் அதைக் கழற்றிவிட்டு வேறு போடலாம். கெடுவதற்கு முன்பும் அது சும்மா இருக்காது. கசியும், புகையும், செயின் சத்தம் போடும்.

உண்மையில் வயிற்றைக் கலக்கியது நடுவில் வந்த தலைமுறைதான். 1996இல் போர்ஷேயின் இன்னொரு காரான பாக்ஸ்டர், அடுத்த வருடம் 996 என்ற புதுத் தலைமுறை 911. தண்ணீரில் குளிரும் புது எஞ்சின். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கிலிருந்து சுழற்சியை வாங்கி, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளின் செயின்களுக்குக் கொடுக்க நடுவே ஒரு இடைத்தண்டு உண்டு. பழைய எஞ்சினிலும் அது இருந்தது, ஆனால் அழுத்தத்தோடு வரும் ஆயிலில் மிதக்கும் சாதாரண புஷ் பேரிங்கில் சுழன்றது. புதியதில் ஒரு முனைக்கு சீல் வைத்த பால் பேரிங் போட்டார்கள். உள்ளே கிரீஸ், வெளியே சுற்றிலும் எஞ்சின் ஆயில். வருடங்கள் போகப்போக சீல் இறுகிவிடும். ஆயில் உள்ளே புகுந்து கிரீஸைக் கரைக்கும், புகுந்த ஆயிலும் புதுசாக மாறாமல் அங்கேயே கிடந்து கெடும். பிறகு குண்டுகள் தேயும். பேரிங் உடைந்தால் தண்டு ஆடும், செயின் பல் தாண்டும், வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். அவ்வளவுதான், எஞ்சின் காலி. முந்தின நாள் வரை முழு வேகத்தில் ஓடிய வண்டி!

இந்த மௌனம்தான் எனக்குப் பயம். என் சொந்த வண்டியிலேயே பட்டிருக்கிறேன் (அது வேறு கம்பெனி, பெயர் வேண்டாம்). டேஷ்போர்டில் விளக்கு எரியவில்லை, சத்தம் இல்லை, இழுவை குறையவில்லை. ஆயில் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் குடித்தது, ஒரு பக்கப் புகைக்குழாயில் மட்டும் கரி படிந்தது. சந்தேகப்பட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகச் சின்ன கேமராவை விட்டேன். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகப் பூனை பிராண்டியது போலக் கோடுகள். அலுமினிய பிளாக், தனி லைனர் கிடையாது. ஒரு சிலிண்டருக்காக மொத்த பிளாக்கையும் தூக்கி மேசையில் வைக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் ஏன் 2010 என்றேன்? 2009 மாடலிலிருந்து 911க்கு வந்த எஞ்சினில் அந்த இடைத்தண்டே கிடையாது. கேம் செயின்கள் கிராங்கிலிருந்தே நேராகப் போகின்றன. கெடுவதற்கு அந்தப் பாகமே இல்லை, இதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும்? இந்த எஞ்சினில் பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சுவதால் இன்டேக் வால்வில் கரி ஏறும். சரி, சுரண்டிவிடலாம்.

புதுசு என்பதாலேயே தப்பித்துவிடும் என்றும் சொல்லவில்லை. போர்ஷே எஞ்சினியர் ஹான்ஸ் மெட்ஸ்கர் வழிவந்த பழைய எஞ்சினை விட்டு, 911இன் ரேஸ் சாயல் மாடலான ஜிடி3க்கு முதன்முதலாகப் புதிய 9,000 ஆர்பிஎம் எஞ்சின் கொடுத்தார்கள். பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட் தளர்ந்து சில வண்டிகள் தீப்பிடித்தன. 2014இல் 785 வண்டிகளுக்கு எஞ்சினையே மாற்றிக் கொடுத்தது போர்ஷே.

அதனால் எந்த வண்டியானாலும் ஆயில் மாற்றும்போது ஃபில்டரை நான் தூக்கி எறிவதில்லை. அறுத்து, உள்ளே மடிந்திருக்கும் காகிதத்தை வெயிலில் விரித்துப் பார்ப்பேன். மினுமினுப்பு தெரிந்தால் காந்தம். ஒட்டினால் இரும்பு, செயினிலிருந்தோ பால் பேரிங்கிலிருந்தோ வந்திருக்கலாம். ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கலாம், அப்போது கேமராவை எடுக்க வேண்டியதுதான்.

நண்பர் கடைசியில் ஏர்-கூல்டைத்தான் வாங்கினார். முந்தாநாள் போனில் ஒரே பதற்றம். "வண்டிக்கு அடியில அட்டை விரிச்சு வெச்சேன், காலைல பார்த்தா நாலு சொட்டு!"

"அட்டையைத் தூக்கிப் போட்றாதீங்க, தேதி எழுதி வைங்க" என்றேன்.