எடை குறைந்த கார்தான் வேண்டும் என்று நின்றேன்

கார் வாங்கியாகிவிட்டது. மாஸ்டா எம்எக்ஸ்-5, துணிக்கூரை வைத்தது, ஆறு கியர் மேனுவல், சாம்பல் நிறம். பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்றுதான். நான் இதை எடையைப் பார்த்து வாங்கினேன் என்றால் கொஞ்சம் விநோதமாகப் பார்க்கிறார்கள். அதனால் விவரமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கக் கிளம்புகிற யாருக்காவது, டெஸ்ட் டிரைவில் எதைக் கவனிப்பது என்று தெரிந்துகொள்ளவும் உதவும்.

பல வருடங்களாக எங்கள் வீட்டில் ஓடியது உயரமான ஐந்து சீட்டர். 1600 கிலோவுக்கு மேல் எடை. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டது, மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனது, வீடு மாறும்போது பாதிச் சாமான்களைச் சுமந்தது எல்லாம் அதுதான். அதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் எனக்கு ஓட்டுவதே பிடிக்கும். எங்கேயும் போக வேண்டிய வேலை இல்லாவிட்டாலும் சாவியை எடுப்பேன். பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழியில் போன பிறகு, இரண்டு சீட் போதும் என்கிற நிலை வந்தது. சரி, இனி எனக்குப் பிடித்த மாதிரி ஒரு கார் என்று முடிவு செய்தேன்.

எடைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஒரே வேகத்தில் 1600 கிலோ காரும் 1070 கிலோ காரும் போனால், இரண்டாவதில் இயக்க ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிறுத்தும்போது பிரேக் அந்த அளவுக்குக் குறைவாகச் சூடாகும். வளைவில் டயர் அந்த அளவுக்குக் குறைவான பாரத்தை இழுத்துத் திருப்பினால் போதும். அப்படியானால் டயரின் அகலத்தைக் குறைக்கலாம், பிரேக் டிஸ்க்கைச் சிறிதாக்கலாம், ஸ்பிரிங்கை இளக்கமாக வைக்கலாம். இவை சிறிதானால் காரின் எடை இன்னும் குறையும். இப்போதைய எம்எக்ஸ்-5இன் சக்கரத்தைக் குனிந்து பாருங்கள், நான்கு நட்டுகள்தான் இருக்கும். இதற்கு முந்தைய தலைமுறையில் ஐந்து. கார் இளைத்ததால் நான்கே தாங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஷோரூமில் அந்தச் சக்கரத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்ததைப் பார்த்து விற்பனையாளர் ஏதோ கீறல் இருக்கிறது என்று பயந்துபோய் ஓடி வந்தார்.

இந்த வகைக் காருக்கு ஒரு பரம்பரை உண்டு. 1957இல் வந்த லோட்டஸ் செவன், 1962இல் வந்த லோட்டஸ் எலான். செவனை 1973 முதல் கேட்டர்ஹாம் தயாரித்து வருகிறது, இன்றும் புதிதாக வாங்கலாம். எம்எக்ஸ்-5 முதன்முதலில் 1989இல் சிகாகோ ஆட்டோ ஷோவில் வந்தது. ஆயிரம் கிலோவுக்குள் அடங்கிய கார். அதற்குப் பிறகு பாதுகாப்பு விதிகள் கூடின, ஏர்பேக் கூடியது, மின்னணுச் சாதனங்கள் கூடின. எல்லா கார்களும் பெருத்தன. 2015இல் நான்காம் தலைமுறை வந்தபோது, அவ்வளவையும் ஏற்றிக்கொண்டு முதல் காரைவிட நூறு கிலோ அளவுக்கே கூடியிருந்தது. கால் நூற்றாண்டில் அவ்வளவுதான். ஒவ்வொரு கிராமையும் யாரோ சண்டை போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்கு அந்தப் பொறியாளர்கள் மேல் மரியாதை வருகிறது.

என் பட்டியல் சின்னது. லோட்டஸ் எலீஸ் மேல் பல வருட ஆசை. அலுமினியத் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டிச் செய்த சட்டகம் அதற்கு. ஆனால் 2021இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், எனக்குப் புதுக் கார்தான் வேண்டும். ஆல்பைன் ஏ110 மிக அழகான கார், எஞ்சின் நடுவில், எடை 1100 கிலோ அளவு. மேனுவல் கியர் கிடையாது என்பதால் அதை விட்டேன். க்ளட்ச் மிதிக்காமல் ஓட்டுவதற்கு எங்கள் பழைய காரே போதுமே. கேட்டர்ஹாம் என் முதுகுக்கு ஒத்துவராது. ஆக மிஞ்சியது டொயோட்டா ஜிஆர்86, எம்எக்ஸ்-5 இரண்டும்.

டெஸ்ட் டிரைவுக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா கார் ஓட்டுவாள், ஆனால் கார்ப் பைத்தியம் கிடையாது. பக்கத்துச் சீட்டில் உட்கார அப்படி ஒருத்திதான் சரி.

முதலில் ஜிஆர்86. 2.4 லிட்டர் பாக்ஸர் எஞ்சின் (சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருப்பது), 228 குதிரைத்திறன், 1280 கிலோ அளவு எடை. 2012இல் வந்த பழைய 86இல் நடு ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நடுத்தர வேகத்தில் சுழலும்போது, இழுவை தொய்யும் என்பது எல்லோரும் சொன்ன குறை. எஞ்சினைப் பெரிதாக்கியதும் அது தீர்ந்துவிட்டது. 3700 ஆர்பிஎம்மிலேயே முழு இழுவையும் வந்துவிடுகிறது. எஞ்சின் தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் கார் வளைவில் அவ்வளவாகச் சாய்வதில்லை. பின்னால் இரண்டு சின்ன சீட், அவற்றை மடித்தால் நாலு டயர் வைக்கலாம். ஒரே கார்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே வாங்கச் சொல்வேன். எடைக்கு வலு என்று கணக்குப் பார்த்தால் இதற்கும் எம்எக்ஸ்-5க்கும் பெரிய வித்தியாசமே இல்லை. எம்எக்ஸ்-5இன் 181 குதிரைத்திறன், 1070 கிலோ என்பது டன்னுக்கு 169. ஜிஆர்86க்கு 178.

காகிதத்தில் அப்படி. ஆனால் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தால் வேறு கதை.

எம்எக்ஸ்-5இல் முதல் ரவுண்டானாவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வேகம் முப்பதுகூட இருக்காது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் காரின் முகம் திரும்புகிறது, அந்தக் கணமே பின்பக்கமும் கூடத் திரும்புகிறது. பெரிய காரில் இதற்கு நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். முன்பக்கம் திரும்பும், உடம்பு சாயும், அப்புறம்தான் பின்பக்கம் வந்து சேரும். இதில் அந்தக் காத்திருப்பு இல்லை. காரணம் எடை குறைவு மட்டுமில்லை, எடை இருக்கிற இடமும்தான். எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, ஓட்டுகிறவர் ஏறக்குறைய பின்சக்கரத்துக்கு முன்னால் உட்கார்கிறார், கனமானவை எல்லாம் நடுவில் குவிந்திருக்கின்றன. கியர்பாக்ஸையும், பின்சக்கரம் இரண்டுக்கும் வலுவைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரென்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டம் நேராக இணைக்கிறது. அதனால் ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தினாலும் நடுவில் எதுவும் முறுக்கிக்கொண்டு தாமதிக்காமல் சக்கரத்துக்குப் போகிறது.

கியரைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட முடியாது. கம்பி குட்டையானது, உள்ளங்கையில் அடங்குகிற குமிழ். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக மணிக்கட்டை மட்டும் தள்ளினால் போதும், தோள் அசையத் தேவையில்லை. ஒவ்வொரு கியரும் விழும்போது ஒரு சின்ன 'டக்' விரல் வழியாகத் தெரிகிறது. ஆக்ஸிலேட்டர் மிதி தரையில் கீல் வைத்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. குதிகாலைத் தரையில் ஊன்றிப் பாதத்தை மட்டும் சாய்க்கலாம். பிரேக்கை மிதித்தபடியே வலது பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலேட்டரைத் தட்டி, கீழ் கியருக்கு ஆர்பிஎம்மை ஏற்றிக் கொடுக்க இது எவ்வளவு வசதி! நான் குள்ளம் என்பதால் பெரும்பாலான கார்களில் மிதி எட்டினால் ஸ்டியரிங் மார்பை இடிக்கும். 2019இல் வந்த மாற்றங்களில் ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி வந்தது. எனக்கு அது இல்லாமல் முடியாது. எஞ்சினை 7500 ஆர்பிஎம் வரை சுழல விட்டதும் அதே ஆண்டில்தான்.

"ஏண்டி, இது இப்படிச் சாயுது?" என்றாள் அக்கா ஒரு வளைவில். உண்மைதான், இந்தக் கார் சாயும். சிலருக்கு அது பிடிக்காது, வாங்கிய கையோடு ஸ்பிரிங்கை மாற்றுகிறார்கள். எனக்கு அந்தச் சாய்வு வேண்டும். டயர் எவ்வளவு பிடித்திருக்கிறது, இன்னும் எவ்வளவு பாக்கி என்பதை அது முன்கூட்டியே சொல்கிறது. கட்டையாக நிற்கிற கார் கடைசி நொடி வரை ஒன்றும் சொல்லாது. தவிர, குண்டும் குழியுமான சாலையில் சக்கரம் தரையை விடாமல் இருக்க இந்த இளக்கம்தான் காரணம். எடை குறைந்த காருக்குத்தான் இப்படி ஸ்பிரிங் வைக்க முடியும்.

அதனால் டெஸ்ட் டிரைவ் போகிறவர்களிடம் நான் சொல்வது, நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டிவிட்டு இறங்காதீர்கள். விற்பனையாளர்கள் பெரும்பாலும் நேர் சாலைக்குத்தான் கூட்டிப் போவார்கள், நன்றாக மிதிக்கச் சொல்வார்கள். நேர் சாலையில் வலுவான எந்தக் காரும் நன்றாகத்தான் இருக்கும். வளைவுள்ள ஒரு சின்னச் சாலையைக் கேளுங்கள். மெதுவாகவே போங்கள். பிரேக்கை மெல்ல மிதித்து, மெல்ல விட்டுப் பாருங்கள். மேடு பள்ளத்தில் ஒருமுறை. நெரிசலில் ஒருமுறை, க்ளட்ச் இடது முட்டிக்கு என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமே. கூரையை மூடி ஒரு தடவை, திறந்து ஒரு தடவை.

மூடியபடி பெரிய சாலையில் சத்தம் இருக்கிறது. டயர் இரைச்சல், காற்று, பக்கத்தில் லாரி போனால் அதன் சக்கரம் நம் காதுக்கு நேரே. அக்கா சத்தமாகத்தான் பேசினாள். சத்தத்தைத் தடுக்கும் பொருளும் எடைதானே, அதைக் குறைவாகத்தான் போட்டிருப்பார்கள். டிக்கி 130 லிட்டர். இரண்டு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். முன்னால் டேஷ்போர்டில் சாமான் பெட்டி கிடையாது, இரண்டு சீட்டுக்கும் நடுவே பின்னால் ஒன்று பூட்டுகிற மாதிரி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் திறப்பது தோள்பட்டைக்கு நல்லதல்ல. தண்ணீர் பாட்டில் வைக்கிற வளையம்கூடக் கழற்றி மாட்டுகிற வகை. இந்தக் குறைகளோடு தினமும் வாழ முடியுமா என்று வாங்கும் முன்பே யோசித்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் இன்னொரு கார் இருப்பதால் எனக்கு முடியும்.

கூரையில் இரண்டு வகை உண்டு. மின்மோட்டாரில் மடங்குகிற கெட்டிக் கூரை, ஆர்எஃப் என்பது. பார்க்க அழகு, சத்தமும் குறைவு. ஆனால் மோட்டாரும் தகடும் சேர்ந்து ஐம்பது கிலோ அளவுக்குக் கூட்டுகின்றன, அதுவும் காரின் உச்சியில். துணிக்கூரைக்கு நடுவில் ஒரே கொக்கி. சிக்னலில் நிற்கும்போது அதை விடுவித்து ஒரு கையால் பின்னால் தள்ளினால் மடிந்து 'க்ளிக்' என்று உட்கார்ந்துவிடும், சீட்டை விட்டு எழ வேண்டாம். எடைக்காக இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஆர்எஃப் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. 2024 மாடலில் டிஃபரென்ஷியலை மாற்றியிருக்கிறார்கள், ஆக்ஸிலேட்டரை விட்டு வேகம் குறைக்கும்போது கூடுதலாக இறுகி, பின்பக்கத்தை நிலையாக வைக்கிறது. பிரேக்கோடு வளைவுக்குள் நுழையும்போது அது தெரிகிறது, எனக்குப் பிடித்திருந்தது.

பேரம், காகித வேலை எல்லாம் வழக்கம்போலத்தான். டெலிவரி அன்று மட்டும் பகல் வெளிச்சத்தில் பெயின்ட்டைப் பார்த்தேன், டயரின் பக்கச்சுவரில் இருக்கிற நான்கு இலக்கத்தைப் படித்தேன். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் சொல்லும். நெடுநாள் நின்ற காரா என்று அதிலிருந்தே ஊகிக்கலாம். காற்றழுத்தமும் பார்த்தேன். இவ்வளவு லேசான காருக்கு 29 பிஎஸ்ஐதான் சொல்லியிருக்கிறார்கள். கூட அடித்தால் கார் குதிக்கும்.

முதல் 1000 கிலோமீட்டருக்கு எஞ்சினை விரட்டாதே, ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதே, தேவையில்லாமல் அழுத்திப் பிரேக் போடாதே என்கிறது கையேடு. ஒரே வேகத்தில் போகக் கூடாது என்பது எனக்கு வரம்போல. வளைவுள்ள சாலைகளாகத் தேடிப் போகிறேன், 4000 ஆர்பிஎம்முக்குள் இரண்டும் மூன்றும் நாலுமாக மாற்றிக்கொண்டே. ஆயிரம் இன்னும் முடியவில்லை. முதல் சர்வீஸில் நான்கு சக்கரத்துக்கும் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கிற கோணம், பார்த்து அளவுகளைக் காகிதத்தில் கேட்கப்போகிறேன். இந்தக் காரில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் சரிசெய்ய முடியும், அதைச் செய்துவிட்டுத்தான் 7500 வரை போவேன். அக்காவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், கூரை திறந்திருந்தால் மட்டும்.