வெப் டீமுக்கு முதலில் யாரை எடுப்பது?

புதிதாக டீம் அமைப்பவர்கள் பலர் முதல் மாதமே ஃப்ரண்ட் எண்டுக்கு (பயனர் பார்க்கும் திரை) ஒருவர், பேக் எண்டுக்கு (பின்னால் சர்வரில் ஓடும் நிரல்) ஒருவர், டேட்டாபேஸுக்கு ஒருவர், சர்வருக்கு ஒருவர் என்று எடுத்துவிடுகிறார்கள். வேலை கைமாறும் இடத்தில்தான் சிக்கல். படிவத்தில் ஜிஎஸ்டி எண்ணுக்கு ஒரு பெட்டி சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். டேபிளில் ஒரு நெடுவரிசை, திரையும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஏபிஐயில் ஒரு ஃபீல்டு, திரையில் ஒரு பெட்டி, பிறகு டிப்ளாய், அதாவது சைட்டில் வெளியிடுவது. ஃபுல் ஸ்டாக், அதாவது இவை எல்லாமே தெரிந்தவர் ஒரே மூச்சில் முடித்துவிடுவார். நால்வர் என்றால் ஆளுக்கொரு டிக்கெட், ஆளுக்கொரு காத்திருப்பு. ஒருவர் லீவு போட்டால் மொத்தமும் நிற்கும்.

அதனால் ஐந்து பேர் வரையிலான டீமுக்கு ஃபுல் ஸ்டாக் ஆட்களையே எடுங்கள். ஆனால் அவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் இடம் டேட்டாபேஸ். சோதனைக்கு 200 வரிகள் வைத்துப் பார்க்கையில் பறந்த பக்கம், ஆர்டர் டேபிள் சில லட்சம் வரிகளைத் தொட்டதும் திணறும். தேடும் நெடுவரிசையில், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் இருக்காது. அல்லது 50 ஆர்டர்களைக் காட்ட, பட்டியலுக்கு ஒன்று, வாடிக்கையாளர் பெயருக்காக ஆர்டருக்கு ஒன்று என்று 51 குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓடும். அடுத்தது பணம். பேமெண்ட் கேட்வே, 'பணம் வந்தது' என்று உங்கள் சர்வருக்குச் சொல்லும் ஒரே வெப்ஹூக்கை இரண்டு முறை அனுப்பக்கூடும். பேமெண்ட் ஐடிக்கு, ஒரே ஐடி இரண்டாம் முறை பதிவாகாமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாடு வைக்காவிட்டால் ஒரே பணத்துக்கு இரண்டு ஆர்டர் பதிவாகும்.

இன்டர்வியூவில் இவற்றையே கேளுங்கள். புதிர்க் கணக்குகளைவிட, சின்ன புராஜெக்ட் ஒன்றைக் கொடுத்து, டேபிளிலிருந்து திரை வரை ஒரு வசதியைச் சேர்க்கச் சொல்வது எவ்வளவோ மேல். மெதுவான குவெரி ஒன்றைக் காட்டினால் டேட்டாபேஸ் அதை எப்படி ஓட்டுகிறது என்று காட்டும் 'எக்ஸ்ப்ளெய்ன்' கட்டளையைப் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள்.

ஒரே துறையில் ஆழமாகத் தெரிந்த ஸ்பெஷலிஸ்டை நிரந்தரமாக எடுக்க, அந்த வேலை வாரம் முழுக்க, மாதக்கணக்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சில வார ஒப்பந்தம் போதும். 'சைட்டை வேகமாக்கு' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். 'வருகைகளில் 75 சதவீதத்துக்கு எல்சிபி (பக்கத்தின் மிகப்பெரிய பகுதி திரையில் தோன்ற ஆகும் நேரம்) 2.5 நொடிக்குள் வர வேண்டும்' என்று எழுதிக் கொடுங்கள். உங்கள் டெவலப்பர் ஒருவரைக் கூடவே உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்பெஷலிஸ்ட் போன பிறகு, அவர் வைத்த கேஷ் (cache, வேகத்துக்காகச் சேமித்து வைக்கும் நகல்) செட்டிங்கைத் தொட யாருக்கும் தைரியம் வராது.

நேரலை வீடியோ போல, தயாரிப்பின் உயிரே ஒரு நுட்பத்தில் இருந்தால் மட்டும் இந்த வரிசையை மாற்றி, அதில் கைதேர்ந்தவரை முதல் ஆளாக எடுங்கள்.