கடலோரக் காரில் கெப்பாசிட்டர் மாட்டிய அனுபவம்

கீழக்கரையிலிருந்து ராத்திரியில் ராமேஸ்வரம் போகும்போதெல்லாம் ஒரே தொந்தரவு. காரில் ஓடும் பாட்டில் தவில் அதிர்ந்தால் ஹெட்லைட்டும் கூடவே மங்கும். பாம்பன் பாலத்தில் எதிரே பஸ் வரும்போது வெளிச்சம் இப்படித் துடித்தால் நல்லதா? டிக்கியில் 500 வாட் ஆம்ப் (பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்), ஒரு 12 இஞ்ச் வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்). கரன்ட்டைச் சேர்த்து வைத்து, ஆம்ப் திடீரென்று இழுக்கும்போது சட்டென்று கொடுக்கும் கெப்பாசிட்டரைப் போட்டால் சரியாகிவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். போட்டேன், சரியானது. ஆனால் பாதி வேலையைச் செய்தது கெப்பாசிட்டர் இல்லை.

எங்கள் ஊரில் கார் வயரிங் பார்க்கும் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர்தான் வழி காட்டினார். "சாமான் வாங்குறது இருக்கட்டும் தம்பி, மொதல்ல மீட்டரை வச்சுப் பாரு" என்றார். இன்ஜின் ஓட, பாட்டு முழுச் சத்தத்தில் அதிர, பேட்டரியில் 14.1 வோல்ட். ஆம்ப் முனையில் 12.3 தான். மீட்டரின் ஒரு முனையை ஆம்ப் மைனஸிலும் இன்னொன்றை பேட்டரி மைனஸிலும் வைத்தபோது 1.2 வோல்ட் காட்டியது. அங்கே ஏறக்குறைய ஒன்றுமே காட்டக்கூடாது. எர்த்தில்தான், அதாவது ஆம்ப் மைனஸை கார் பாடியோடு இணைக்கும் இடத்தில்தான் கோளாறு.

பின்சீட்டுக் கார்ப்பெட்டைத் தூக்கினோம். எர்த் வயரைப் பிடித்திருந்த போல்ட்டைச் சுற்றித் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. லக் (வயர் நுனியில் மாட்டும் வளையம்) பச்சை பூத்து, அதை வயரோடு நசுக்கிப் பிடித்த இடத்தில் செம்புக் கம்பி கறுத்துக் கிடந்தது. உப்புக்காத்து கார்ப்பெட்டுக்கு அடியில்கூடப் புகுந்துவிடுகிறது. கறுத்த பகுதியை வெட்டி எறிந்தோம். வேறு இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புது லக், ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினோம். இறுக்கிய பிறகுதான் தடவ வேண்டும். பேட்டரிப் பக்க பிளஸ் லக்கையும் மாற்றினோம். ஆம்ப் முனை 13.5-க்கு ஏறிவிட்டது. பலமான அடிக்கு மட்டும் லேசான துடிப்பு மிச்சம். அதுதான் கெப்பாசிட்டருக்கான வேலை.

கெப்பாசிட்டரின் கொள்ளளவை ஃபாரட்டில் சொல்வார்கள்; 1000 வாட்டுக்கு 1 ஃபாரட் என்பது பொதுக் கணக்கு. எனக்கு 1 ஃபாரட் தாராளம். ஆம்புக்கு ஒன்றரை அடிக்குள், பிளஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று பேரலலாக மாட்ட வேண்டும். திருப்பி மாட்டினால் வெடிக்கும், விளையாட்டில்லை.

காலி கெப்பாசிட்டரை நேராக பேட்டரியில் கொடுத்தால் ஒரே இழுப்பாக கரன்ட்டை இழுக்கும். தீப்பொறி பறக்கும், ஃபியூஸ் போகும். அதனால் பேட்டரி மைனஸைக் கழற்றி, மெயின் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, எல்லா நட்டையும் சாவகாசமாக இறுக்கினோம். பிறகு மைனஸை மாட்டி, செட்டை ஆஃபிலேயே வைத்து, ஃபியூஸ் இருந்த இடத்தில் 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பை வயரோடு பிடித்தார் காக்கா. பளீரென்று எரிந்த பல்ப் மெல்ல மெல்ல மங்கி அணைந்தது. மீட்டரில் கெப்பாசிட்டரும் பேட்டரியும் ஒரே வோல்ட். பல்பை எடுத்து ஃபியூஸைச் செருகினோம், ஒரு பொறிகூட இல்லை. கழற்றுவதானாலும் முதலில் ஃபியூஸை எடுத்துவிட்டு, இதே பல்பை கெப்பாசிட்டரின் இரண்டு முனைக்கும் நடுவே வைத்து காலி செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இப்போது தவில் அடிக்கு ஹெட்லைட் அசைவதில்லை. இழுத்து நிற்கும் பேஸுக்கு இன்னும் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். 14.4 வோல்ட்டிலிருந்து 12.5-க்கு இறங்கும்போது 1 ஃபாரட் தருவது சுமார் 25 ஜூல்; 500 வாட்டுக்கு அது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குதான் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பெரிய ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரன்ட் உண்டாக்குவது) தான் வழி, கெப்பாசிட்டரை அடுக்கிப் பயனில்லை.

கடலோரத்தில் கார் நிறுத்துகிறவர்கள் மழைக்காலம் முடிந்ததும் கார்ப்பெட்டைத் தூக்கி எர்த் லக்கை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வோல்ட் காட்டும் டிஸ்ப்ளே வைத்த கெப்பாசிட்டர் என்றால் ரிமோட் வயரையும் (செட் ஆன் ஆகும்போது மட்டும் கரன்ட் வரும் வயர்) கொடுங்கள். இல்லாவிட்டால் சில மாடல்களில் வண்டி நிற்கும் நாளெல்லாம் அந்த டிஸ்ப்ளே பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும்.