பத்துச் சக்கரம் ஏழில் நின்றது

திருகோணமலையில், உவர்மலையிலிருந்து உப்புவெளிக்கு வீடு மாறி மூன்று வாரம் ஆகிறது. சமையலறைச் சாமான்களில் பாதி இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் தட்டுக் கைகளால் இரும்புப் பந்தை அடித்துப் புள்ளி சேர்க்கும் பின்போல் மேசை நேற்றிரவு முதல் ஓடுகிறது.

சிகாகோவில் கொட்லீப் நிறுவனம் அறுபதுகளில் செய்த, ஒருவர் ஆடும் மேசை இது. உள்ளே ஒரு சிப் கூடக் கிடையாது. ரிலேக்கள் எனும் மின்காந்தச் சுவிட்சுகள், செப்புச் சுருள்கள், தகட்டுச் சுவிட்சுகள், இவை அனைத்துக்கும் நேரம் பிரித்துக் கொடுக்கும் ஸ்கோர் மோட்டார், அவ்வளவுதான். புள்ளி கூடுவதும் பந்தை எண்ணுவதும் கண்ணுக்குத் தெரியும் அசைவுகள். இதன் மேல் எனக்குள்ள பிரியத்துக்குக் காரணமே அதுதான்.

ஏற்றும்போது கவனமாகத்தான் இருந்தேன். கண்ணாடியை உடைத்துவிடும் என்று இரும்புப் பந்தை முதலில் எடுத்தேன். மேசையைச் சாய்த்தால் ஆட்டத்தை நிறுத்தும் டில்ட் ஊசலையும் கழற்றி உறையில் போட்டேன். புள்ளி காட்டும் சக்கரங்கள் உள்ள தலைப்பெட்டியை அடிப்பெட்டிக்கு இணைக்கும் பல முள் பிளக்குகளுக்கு இலக்கம் எழுதி ஒட்டினேன். கால்களைக் கழற்றிய பிறகு, பட்டா வாகனத்தில் இரண்டு மெத்தைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தோம்.

புது வீட்டில் நமது 230 வோல்ட்டை 115 ஆகக் குறைக்கும் மின்மாற்றி வழியாக இணைப்புக் கொடுத்தேன். விளக்குகள் எரிந்தன. தொடக்கப் பொத்தானை அழுத்தியதும் ஸ்கோர் மோட்டார் சுழலத் தொடங்கியது, நிற்கவே இல்லை. வழக்கமாகப் புள்ளிச் சக்கரங்கள் எல்லாம் பூச்சியத்துக்கு வந்ததும் சில நொடிகளில் அது நின்றுவிடும். சுருள் ஏதாவது சூடாகிவிடுமோ என்று பயந்து மின்சாரத்தைத் துண்டித்தேன்.

கடற்காற்றைத்தான் முதலில் சந்தேகித்தேன். இங்கே கதவுக் கொண்டி கூட ஒரு மாரியில் துருப்பிடித்துவிடும். இரண்டு மாலைப் பொழுதுகள் தகட்டுச் சுவிட்சுகளைத் துப்புரவாக்குவதிலேயே போயின. முனைகள் வெள்ளி என்பதால் அரத்தாள் ஆகாது. தடித்த அட்டையை வெட்டி, முனைகளுக்கிடையே வைத்து மெல்ல இழுத்தேன். எண்ணெய் தெளிக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்கவே கூடாது. அது பிசினாகி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், தீப்பொறி விழுந்தால் பற்றவும் கூடும். அட்டை நன்றாகக் கறுத்தது, மோட்டாரோ நின்றபாடில்லை.

துறைமுகத்தில் மின்னியலாளராக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஞாயிற்றுக்கிழமை வந்தார். "மருமகன், போன மாதம் உவர்மலையில் இதே உப்புக் காற்றில்தானே ஓடியது? வழியில் எது அசைந்ததோ அதைப் பாருங்கள்" என்றார்.

தலைப்பெட்டியைத் திறந்து சக்கரங்களைப் பார்த்தோம். மற்றவை பூச்சியத்தில் நிற்க, பத்தாம் இடத்து இலக்கத்தைக் காட்டும் பத்துச் சக்கரம் மட்டும் ஏழில் நின்றது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை விரலால் எட்டு, ஒன்பது, பூச்சியம் என்று நகர்த்தினேன். பூச்சியம் வந்த கணத்தில் மோட்டார் நின்றது! அப்படியென்றால் அந்தச் சக்கரத்தின் பூச்சியச் சுவிட்ச் சரி. அதைத் தள்ளும் சுருளுக்குத்தான் மின்துடிப்பு வந்து சேரவில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மீட்டரை வைத்தோம். சுருள் சில ஓம் காட்டியது, நல்ல நிலை. சுருளிலிருந்து பிளக்கின் வயர் வரைக்கும் தொடர்பு இருந்தது. பிளக்கைத் தாண்டி அடிப்பெட்டிப் பக்கம் எதுவும் இல்லை.

பிளக்கில் எல்லா வயர்களும் ஒழுங்காக நிற்பதுபோலவே தெரிந்தன. சாமணத்தால் ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பார்த்தேன். சிவப்புக் கோடு போட்ட வெள்ளை வயர் கையோடு வந்துவிட்டது. ஈயப் பற்று எப்போதோ விட்டுப்போயிருக்கிறது. வயரைச் சுற்றியிருந்த பழைய துணி உறைதான் பக்கத்து வயர்களோடு ஒட்டி அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. தலைப்பெட்டியைக் கழற்றும்போது நான் பிளக்கைப் பிடித்து இழுக்காமல் வயர்க்கட்டைப் பிடித்து இழுத்தது இப்போது நினைவுக்கு வந்தது. முனையைச் சுரண்டி, புது ஈயம் வைத்துப் பற்றவைக்கப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. ஆனால் பந்து ஏறுமுன்னே டில்ட் விழுந்தது. இந்தக் கூடத்தின் தரை, கழுவிய நீர் ஓடட்டும் என்று வாசல் பக்கம் சரிவாகக் கட்டப்பட்டிருக்கிறது. அதனால் ஊசல் தன் வளையத்தைத் தொட்டுக்கொண்டே தொங்கியது. தெரிந்த மேசனிடம் இரசமட்டத்தை இரவல் வாங்கிவந்து, குறுக்கே மட்டம் பார்த்துக் கால் திருகுகளைச் சரிசெய்தேன். முன்பின் சரிவை மூன்றரைப் பாகை அளவில் வைத்தேன்.

இடது தட்டுக் கை இன்னும் சோர்வாகத்தான் அடிக்கிறது. அதன் வீச்சு முடியும் இடத்திலுள்ள சுவிட்சைச் சனிக்கிழமை பார்க்க வேண்டும். முதல் ஆட்டத்தை மாமாவுக்கே கொடுத்தேன். பத்துச் சக்கரம் ஏழைத் தாண்டி 'டங்' என்று எட்டுக்குப் போனபோது இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பந்து நடுவழியே கீழே இறங்கியதை இருவருமே கவனிக்கவில்லை.