நடுவில் இரண்டு பூஜ்ஜியம்

காசிமேட்டுப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகளில் பலர் அம்மாவின் மீன்கூடைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர்கள். 320 ரூபாய் மீனுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், மீதி நூற்றெண்பது என்று சட்டென்று சொல்வார்கள். அதே பிள்ளைகளை 5003-இல் 1786-ஐக் கழிக்கச் சொன்னால், பாதிப் பேர் 4783 என்று எழுதுகிறார்கள்.

அது குருட்டாம்போக்கில் வந்த விடை இல்லை. 3-இல் 6 போகாது. அதனால் 6-இல் 3-ஐக் கழித்துவிடுகிறார்கள். 0-இல் 8 போகாது; 8-ஐ அப்படியே இறக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு இலக்கமும் தனித்தனி எண் என்று நினைக்கிற பிள்ளைக்கு அதுதான் நியாயம். 'பக்கத்து வீட்டுல கடன் வாங்கு' என்று சொல்லிக் கொடுத்தாலும், பக்கத்து வீட்டிலும் பூஜ்ஜியம் இருந்தால் விழிக்கத்தான் செய்யும்.

அதனால் பொம்மை நோட்டை எடுத்துக்கொள்கிறேன். 20, 50, 200, 500 எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு 1, 10, 100 மட்டும். பத்துப் பத்தாக ஏறினால்தான் இடமதிப்பு கைக்கு வரும். ஆயிரம் ரூபாய்த் தாள் 2016-இலேயே செல்லாமல் போய்விட்டது, இவர்கள் கையில் அது புழங்கியதே இல்லை. சார்ட் அட்டையில் நாங்களே வெட்டிக்கொண்டோம்.

5003-க்கு ஐந்து ஆயிரம், மூன்று ஒரு ரூபாய் என்று ஒரு சிறுமியிடம் கொடுத்தேன். "இதுல ஆறு ரூபா குடும்மா" என்றேன்.

"சில்லறை இல்ல மிஸ்."

"பத்து ரூபாயை மாத்து."

"அதுவும் இல்ல. நூறும் இல்ல மிஸ்."

ஒரு ஆயிரத்தை எடுத்துக்கொண்டு, 'பேங்க்' ஆக உட்கார்ந்திருந்த பையனிடம் போனாள். பத்து நூறு வந்தது. அதில் ஒரு நூறை உடைத்துப் பத்துப் பத்து, அதில் ஒன்றை உடைத்துப் பத்து ஒன்று. கடைசியில் மேசைமேல் 4 ஆயிரம், 9 நூறு, 9 பத்து, 13 ஒன்று. எண்களை அடித்து மேலே எழுதுகிற 4, 9, 9, 13 அதுதான் என்று அவளே கண்டுபிடித்தாள். விடை 3217.

4783 எழுதியவர்களிடம் அதோடு 1786-ஐக் கூட்டச் சொன்னேன். 6569. "கையில இருந்ததே ஐயாயிரத்துச் சொச்சம்தான மிஸ்!" என்றது ஒரு குரல்.

கூட்டலில் இவ்வளவு பாடு இல்லை. 4650-இன் கீழே 87-ஐ இடது ஓரமாக எழுதுவதுதான் வழக்கமான தப்பு. கட்டம் போட்ட நோட்டு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நாலாவது வந்த பிறகும் விளையாட்டு நோட்டா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். விளையாட்டும் செயல்பாடுமாகச் சொல்லிக்கொடுக்கிற தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டமே 2022-இல் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டு 4, 5-க்கும் வந்தது. நடுவில் பூஜ்ஜியம் வரும் கழித்தலை மனதிலேயே உடைத்து மாற்றுகிற பிள்ளைக்கு நோட்டு வேண்டாம். மற்றவர்களுக்குப் பாடம் பத்து நாள் பின்தங்கினாலும் பரவாயில்லை, கொடுக்கத்தான் வேண்டும்.