ஒரு பலாமரம் மலையேறிய கதை

ஏற்காட்டில் குடியிருப்பவர்கள் இணையத்தில் ஓவியப் பிரதி வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு நிமிஷம். ஒரே ஒரு பலாமரத்துக்காக நான் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டு தடவை இறங்கி ஏறியிருக்கிறேன்.

காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் ஒரு அறக்கட்டளை, அவர்கள் வரைந்த படங்களை அச்சடித்து விற்கிறது. நான் எடுத்தது ஒரு பலாமரப் படம். ஏ3 அளவு, 650 ரூபாய். "சின்னப் பிள்ளை கிறுக்கினதுக்கா இவ்வளவு?" என்றார் வீட்டுக்காரர். யுனிசெஃப்பின் முதல் வாழ்த்து அட்டையே 1949இல் செக்கோஸ்லோவாக்கியாவில் ஏழு வயதுச் சிறுமி வரைந்த படம்தான் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். பணம் கட்டியது பத்து நிமிஷ வேலை. பின்கோடு கட்டத்தில் 636601 போட்டதும் பச்சை டிக் வந்தது. அதை நம்பியதுதான் தப்பு.

ஆறாம் நாள், "கதவு பூட்டியிருந்ததால் பார்சல் கொடுக்க முடியவில்லை" என்று குறுஞ்செய்தி. அன்றைக்கு முழுக்க வாசலில் காப்பிக்கொட்டையைக் காயப்போட்டு, கோழி கிளறாமல் காவல் உட்கார்ந்திருந்தவள் நான். கூரியர் கிளைக்குப் போன் போட்டேன்.

"மேல வண்டி வராதுங்க மேடம். சேலம் வந்து வாங்கிக்கோங்க."

"அப்புறம் எதுக்குங்க கதவு பூட்டியிருந்துச்சுன்னு அனுப்புனீங்க?"

"அது சிஸ்டத்துல தானா போறதுங்க."

சனிக்கிழமை பஸ் பிடித்து இறங்கினேன். ஐந்து ரோடு பக்கம் ஒரு சந்துக்குள் கிளை. ஆதாரைக் காட்டினால் போதாதாம், ஓடிபி வேண்டுமாம். ஆர்டர் போட்டது மகனின் எண்ணில். அவன் கோயம்புத்தூரில் பரீட்சை ஹாலில், போன் அணைந்திருந்தது. கவுன்டர்காரர் தலைக்குப் பின்னால் அலமாரியில் படத்தைச் சுருட்டி வைத்து என் பெயர் எழுதிய அட்டைக் குழாய் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, கைக்கு வரவில்லை. ஒன்றரை மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டார். வெறுங்கையோடு மலையேறினேன். பார்சலை வாங்கப் போகிறவரின் எண்ணையே கொடுங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

திங்கட்கிழமை கிடைத்தது. குழாயின் ஒரு முனை நசுங்கியிருந்தது. அங்கேயே நின்று, பிரிப்பதை வீடியோ எடுத்தேன். ஒரு மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு மடிப்பு. வீடியோவை அனுப்பியதும் அறக்கட்டளையில் அன்றே வேறு பிரதி அனுப்புவதாகச் சொன்னார்கள். மடிப்பு விழுந்தது வெள்ளை ஓரத்தில்தான், படத்தில் இல்லை. வேண்டாம் என்றுவிட்டேன். அந்தச் செலவும் பிள்ளைகள் பணம்தானே.

கையோடு செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பிரேம் கடைக்குப் போனேன். ஏ3 என்பது அங்குலக் கணக்கில் 11.7க்கு 16.5. கடையில் ரெடிமேடாக இருந்தது 12க்கு 18. படம் உள்ளே ஆடும். "16க்கு 20 போட்டு, சுத்தி மவுண்ட் அட்டை வெச்சுடலாம்க்கா" என்றார் கடைக்காரர். 1,100 ரூபாய். படத்தைவிடச் சட்டம் விலை அதிகம், முதலிலேயே இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மவுண்ட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். எங்கள் ஊர் பனிமூட்டத்துக்குக் கண்ணாடியில் படிந்த தாள் அப்படியே ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணமும் பிடிக்கும். மவுண்ட் இருந்தால் நடுவே இடைவெளி கிடைக்கும். அந்த மடிப்பும் அட்டைக்கு அடியில் போய்விட்டது! அன்றைய தினத்தின் ஒரே சந்தோஷம்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. 650 ரூபாய்க்கு வருமான வரியில் நன்கொடைக்கான 80ஜி விலக்கு கிடைக்கும் என்று பில்லைப் பத்திரமாக வைத்திருந்தேன். ஆடிட்டர் சிரித்தார். பொருள் வாங்கினால் அது வியாபாரம், நன்கொடை இல்லையாம். விலக்கு வேண்டுமானால் பான் எண் கொடுத்துத் தனியாக நன்கொடை செலுத்தி, அறக்கட்டளையிடம் 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் வாங்க வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் செல்லாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு 80ஜியே கிடையாது. நான் புதிய வரிமுறையில்தான் இருக்கிறேன், அது வேறு விஷயம்.

"வருமானத்தில் ஒரு பகுதி அறப்பணிக்கு" என்று மொட்டையாகப் போட்டிருந்தால், எத்தனை ரூபாய் என்று கேட்டு எழுதுங்கள். நான் கேட்டேன். அச்சு, பேக்கிங் போக 280 ரூபாய் பள்ளிக்குப் போகிறது என்று பதில் வந்தது. எனக்கு அது போதும்.

அடுத்து ஒரு மீன்கொத்திப் படம் பார்த்து வைத்திருக்கிறேன். இந்த முறை சேலம் ஃபேர்லாண்ட்ஸில் இருக்கும் அண்ணி வீட்டு முகவரி, அண்ணி எண். அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை.